எண்டோஸ்கோபி நார்மல், ஆனால் ரத்தம் குறைகிறது: கேப்சூல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

என் சித்தி முப்பது வருடமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியும் முன்பே கம்பத்தில் ஜீப் ஏறினால் லோயர் கேம்ப், குமுளி தாண்டித் தோட்டம். சரிவில் குனிந்தபடியே காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் நாலு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "என்னமோ அசதியா இருக்கு தாயி, வேற ஒண்ணுமில்ல" என்றார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 6.2. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் 6.8. கேமரா குழாயை வாய் வழியாக விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி நார்மல், ஆசனவாய் வழியாக விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் நார்மல். "ரெண்டுமே நார்மல், மாத்திரையைத் தொடருங்கள்" என்று ஓர் இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். அந்தத் தலையாட்டலில்தான் எங்களுக்கு ஐந்து மாதம் போனது. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கூடவே அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நடுவில் இருக்கும் இருபது அடி

வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரைதான் போகும். கீழிருந்து விடும் கொலோனோஸ்கோபி பெருங்குடல் முழுவதையும் பார்க்கும், சிறுகுடலின் கடைசிச் சில அங்குலத்தை எட்டிப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மடிந்து மடிந்து கிடக்கும் சிறுகுடல் சுமார் 6 மீட்டர், அதாவது இருபது அடி. இரண்டு பரிசோதனையும் நார்மல் என்றால் அந்த இரண்டு முனைகள் நார்மல் என்று அர்த்தம். நடுவில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

வயிறு, குடலில் ரத்தக் கசிவு உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இப்படி இரண்டு பரிசோதனையிலும் காரணம் பிடிபடாமல் போகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கசிவு சிறுகுடலில்தான் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்ப்பதற்கு வந்ததுதான் கேப்சூல் எண்டோஸ்கோபி, அதாவது மாத்திரை போல விழுங்கும் ஒரு சின்னக் கேமரா. இஸ்ரேலில் ராணுவத்துக்கான படக்கருவிகளில் வேலை பார்த்த கேவ்ரியல் இடான் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். 2001-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இப்போது மதுரை, கோயம்புத்தூர், கொச்சி, திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் செய்துகொள்ளலாம்.

கேப்சூல் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் பருமன். பேரீச்சங்கொட்டையைவிடச் சற்றுத் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கேமரா, சின்ன விளக்கு, பேட்டரி, படத்தை வெளியே அனுப்பும் கருவி எல்லாம் அடக்கம். வினாடிக்கு இரண்டு முதல் ஆறு படம் எடுத்தபடி குடல் அசைவிலேயே நகர்ந்து போகும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், படங்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். மயக்க மருந்து இல்லை, குழாய் இல்லை, வலி இல்லை.

இது யாருக்கு, எப்போது

மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு போனால் அது ரத்தம் கலந்த மலமாக இருக்கலாம். இதில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது பெரும்பாலும் கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும், தார் போல ஒட்டாது. சித்திக்கு மலம் கறுக்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ரத்தச் சோகையாக மட்டுமே வெளியே தெரிந்தது.

மாதவிடாய் வருகிற வயதுப் பெண்கள் என்றால் முதலில் அதிக உதிரப்போக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது நியாயம்தான். சித்திக்கு வயது 54, மாதவிடாய் நின்று ஐந்து வருடமாகிறது. ஆண்களானாலும், மாதவிடாய் நின்ற பெண்களானாலும் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தச் சோகை வந்தால் "சாப்பாடு பத்தலை" என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கோ போகிறதா என்று தேட வேண்டும்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும், கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறி, சிறுகுடலில் போய்க் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. காரணம் தெரியாத ரத்தச் சோகைக்காக கேப்சூல் விழுங்கியவர்களின் குடலில் இந்தப் புழு ஒட்டிக்கொண்டிருப்பது படத்தில் தெரிந்த கதைகள் நம் நாட்டில் உண்டு. மலப் பரிசோதனைக்குச் செலவு கொஞ்சம்தான், புழு மாத்திரையும் மலிவு. பெரிய பரிசோதனைக்குப் போகும் முன் இதை முடித்துவிட்டோமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரத்த வாந்தி, கறுப்பு மலத்தோடு தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் என்றால் அது கேப்சூலுக்கு நாள் குறிக்கும் நேரமில்லை. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே நிலைமை சீரான பிறகும் காரணம் தெரியவில்லை என்றால், கேப்சூலைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது. கசிவு கண்ணுக்குத் தெரிந்த இரண்டு மூன்று நாளுக்குள் விழுங்கினால்தான் இடத்தைப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். "அடுத்த மாசம் சீசன் முடியட்டும்" என்று இருந்தால் புண் ஆறியதுபோல இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது, பிறகு மறுபடி கசியும்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

எனக்கு இதுதான் மிக முக்கியமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது, வலி மாத்திரை. சித்தியிடம் மருத்துவர் "ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டபோது "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் சொன்னார். பொய் இல்லை. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரைதான் அவர் கணக்கில் மாத்திரை. மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்று வாங்கி, காலையில் ஜீப்பில் ஏறும் முன் டீயோடு போட்டுக்கொள்வது அந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு வந்து அவருடைய சோற்றுப் பையைக் கவிழ்த்தேன். வெற்றிலைக்குப் பக்கத்தில் தாள் பொட்டலத்தில் மடித்த மாத்திரைகள். மெடிக்கலில் கேட்டால் அதில் ஒன்று டைக்ளோஃபினாக். வாரத்தில் நாலைந்து நாள், எத்தனை வருடம் என்று அவருக்கே தெரியவில்லை.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் இரைப்பையில் மட்டும் புண் உண்டாக்குவதில்லை, சிறுகுடலிலும் புண் உண்டாக்கும். கூடவே போடும் "கேஸ் மாத்திரை" இரைப்பையையும் அதை ஒட்டிய முன்சிறுகுடலையும்தான் காக்கும். அதற்குக் கீழே அதன் காவல் இல்லை. இந்த வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டவர்களுக்குக் குடலில் வளையம் போலச் சுருக்கம் விழவும் கூடும். அந்தச் சுருக்கத்தில் கேப்சூல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் விழுங்கும் முன்பே சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆனால் இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

அப்புறம், வயிற்றில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, வயிற்றுக்குக் கொடுத்த கதிர்வீச்சு, குடல் காசநோய், குடலில் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் கிரோன் நோய், சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வாந்தி வந்து பிறகு தணியும் பழக்கம். இவையெல்லாம் குடலில் அடைப்போ சுருக்கமோ இருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் சிடி ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது குடலுக்குள் மாட்டினாலும் தானாகக் கரைந்துவிடும் சோதனைக் கேப்சூல் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் சொல்லுங்கள். பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் முன்கூட்டியே தெரிய வேண்டும். கர்ப்பம் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எண்டோஸ்கோபி மூலமாகவே கேப்சூலை உள்ளே கொண்டுபோய் விட முடியும்.

கோட்டயம், திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்களுக்கு மொழி பற்றி ஒரு வார்த்தை. அங்கே நர்ஸ் "சர்த்தி உண்டோ" என்றால் வாந்தி இருக்கிறதா என்று கேட்கிறார். "க்ஷீணம்" என்றால் அசதி, "தலகறக்கம்" என்றால் தலைசுற்றல். புரியாமல் "இல்லை" என்று தலையாட்டிவிட்டால் அதுவே நோட்டில் ஏறிவிடும். எத்தனை நாளாக அசதி, எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள், ஒவ்வொரு தடவையும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எண்ணுக்கு எந்த மொழியும் தடையில்லை.

பணமும் அட்டையும்

கேப்சூல் ஒருமுறை மட்டுமே பயன்படும், அதனால் செலவு பல ஆயிரங்களில் வரும். கேப்சூலின் விலை, படம் பார்க்கும் மருத்துவரின் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நம் பக்கத்தில் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், வேலை இடுக்கியில் என்று இருப்பவர்கள் அதிகம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும், கேரளத்தின் காருண்யா திட்டமும் வேறு வேறு. உங்கள் அட்டையை அந்த மருத்துவமனை ஏற்குமா, இந்தப் பரிசோதனைக்குப் பணம் தருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் நாள் குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ முதலில் காட்டி, எங்கே செய்யலாம் என்று வழி கேட்பதும் நல்ல யோசனை.

ஒரு வாரம் முன்பிருந்து

இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு வாரம் என்பார்கள். மாத்திரையின் கறுப்புக் கசடு குடல் சுவரில் படிந்திருந்தால் கேமராவுக்கு ரத்தமும் தெரியாது, புண்ணும் தெரியாது. ரத்தச் சோகைக்காரரிடம் இரும்புச்சத்தை நிறுத்தச் சொன்னால் பயப்படுவார்கள். சித்தியும் பயந்தார். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது.

முந்தின நாள் மதியத்துக்கு மேல் திரவம் மட்டும்தான், அதுவும் உள்ளே பார்த்தால் அடி தெரிகிற திரவம். இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ, அதாவது குமுளிக் கடையில் கட்டஞ்சாயா என்பார்களே அது. பால், மோர், கஞ்சி வேண்டாம். சிவப்பு, ஊதா நிறமுள்ளது எதுவும் வேண்டாம். கம்பத்துக்காரர்கள் வீட்டில் பன்னீர் திராட்சை ஜூஸ் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். கேரளத்து ஓட்டலில் பதிமுகம் போட்டுச் சிவப்பாக ஒரு சுடுதண்ணீர் வைப்பார்கள், அதுவும் வேண்டாம்.

சாயங்காலம் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் இரண்டு லிட்டர். கால் மணிக்கு ஒரு தம்ளர் என்று குடித்தால் குமட்டாது. பல தடவை போகும், கடைசியில் வெறும் தண்ணீராகப் போக வேண்டும். வயதானவர்களைத் தனியாக விடாதீர்கள். ரத்தம் குறைந்தவர்கள் ராத்திரியில் கழிவறைக்கு எழுந்து போகும்போது தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். நான் கழிவறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தேன். அதன் பிறகு இரவு முழுக்க வெறும் வயிறு. சர்க்கரை நோய்க்காரர்கள் அன்றைய இன்சுலின், மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டினியோடு வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

விழுங்கும் நாள்

நைட்டி, சுடிதார் டாப் போல ஒரே துணியாகத் தொங்கும் உடை வேண்டாம். சேலை ஜாக்கெட்டோ, சட்டை வேட்டியோ போதும். இடுப்பில் பெல்ட் கட்டுவார்கள் அல்லது வயிற்றில் சின்னச் சின்ன ஒட்டிகளை ஒட்டுவார்கள், தோளில் பதிவுக் கருவி தொங்கும். வயிற்றில் எண்ணெய், பவுடர் பூசக் கூடாது.

கேப்சூலைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே அது மினுக்மினுக்கென்று ஒளிரத் தொடங்கும். சித்தி அதை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "மின்மினியைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஒரு தம்ளர் தண்ணீர், ஒரே மடக்கு, போய்விட்டது. கடித்துவிடக் கூடாது என்பதுதான் ஒரே எச்சரிக்கை.

ஒரு மணி நேரம் கழித்து அது இரைப்பையைத் தாண்டிவிட்டதா என்று திரையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் படுத்தே கிடப்பவர்களுக்கும் இரைப்பையிலேயே தங்கி, பேட்டரி வீணாகும். தாமதமானால் குடல் அசைவுக்கு மருந்து கொடுப்பார்கள் அல்லது எண்டோஸ்கோபி மூலம் தள்ளிவிடுவார்கள். பொதுவாக இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நாலு மணி நேரம் கழித்து இட்லி போல லேசான சாப்பாடு. அதற்கு முன் ஒரு வாய் காபிகூடக் கூடாது.

நடக்கலாம், உட்காரலாம். பாரம் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரும் வேலை கூடாது. பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கருவியில் விளக்கு எரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வயிறு வலித்தால், குமட்டினால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துப் படத்தை மருத்துவர் கூர்ந்து பார்ப்பார். வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம் என்று சில இடங்களில் அனுப்புவார்கள். மதுரையிலிருந்து கம்பம் போய்த் திரும்பி வருவதெல்லாம் வேண்டாத வேலை. நாங்கள் பக்கத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொண்டோம்.

கேப்சூல் வெளியே வரும் வரை

ஓரிரு நாளில் மலத்தோடு போய்விடும். பெரும்பாலான வகைகளைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை, படம் ஏற்கனவே பதிவாகிவிட்டது. ஆனால் சில வகைகளில் படம் கேப்சூலுக்குள்ளேயே இருக்கும், அதை எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குக் கொடுத்தது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போனதைப் பார்க்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஓர் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் உள்ளேயே இருந்தால்தான் மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ரத்தக் கசிவுக்காக இதைச் செய்துகொள்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு அப்படி நேரலாம். அதைக் குழாய் மூலமோ, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை மூலமோ எடுப்பார்கள். பரிசோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும் முன் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கேப்சூல் வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கவே கூடாது. இடையில் விபத்து என்று வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அங்கே சொல்ல வேண்டும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கடுமையான வயிற்று வலி, வயிறு உப்பல், விடாத வாந்தி என்றால் உடனே போங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ஐம்பதாயிரம் படத்தையும் ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதனால் ரிப்போர்ட்டுக்குச் சில நாளாகும். அவசரப்படுத்தாதீர்கள். சித்திக்குச் சிறுகுடலின் நடுப்பகுதியில் ஏழெட்டுப் புண்கள் தெரிந்தன. ஒன்றின் ஓரத்தில் ரத்தம் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் திரையில் காட்டியபோது சித்தி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி மாத்திரையை நிறுத்தியதுதான் முதல் மருத்துவம். முதுகு வலிக்குப் பாரசிட்டமாலும் உடற்பயிற்சியும் சொன்னார்கள், இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றினார்கள்.

எல்லோருக்கும் இவ்வளவு எளிதாக முடியாது. வயதானவர்களுக்கு, குறிப்பாகச் சிறுநீரக நோய், இதய வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்கு, குடல் சுவரில் மெல்லிய ரத்தக்குழாய்கள் புடைத்துக் கசிவது அதிகம். இளவயதுக்காரர்களுக்குக் கட்டி, கிரோன் நோய், பிறவியிலேயே இருக்கும் குடல் பை போன்றவை வரலாம். நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது. கேப்சூல் பார்க்கும், அவ்வளவுதான். சதை எடுத்துச் சோதிக்கவோ, கசிவை அடைக்கவோ அதனால் முடியாது. அதற்குப் பலூன் கட்டிய நீண்ட எண்டோஸ்கோபியைச் சிறுகுடலுக்குள் விடுவார்கள். அதை வாய் வழியாக விடுவதா கீழிருந்து விடுவதா என்பதைக் கேப்சூல் காட்டிய இடத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், அதோடு விட்டுவிடவும் வேண்டாம். கேப்சூல் சில இடத்தில் வேகமாகப் போய்விடும், சிலருக்குச் சிறுகுடல் முடியும் முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். "கேப்சூல் பெருங்குடல் வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஹீமோகுளோபினை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருங்கள். மறுபடி இறங்கினால் முதல் இரண்டு எண்டோஸ்கோபியையே திரும்பச் செய்வதும் உண்டு, சிடி ஸ்கேன் எடுப்பதும் உண்டு, கேப்சூலை இன்னொரு முறை கொடுப்பதும் உண்டு.

ரிப்போர்ட்டோடு படங்களையும் சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து கோட்டயம் போவீர்களோ மதுரை போவீர்களோ, அங்கே முதலில் கேட்பது அதைத்தான். சித்தியுடையதை நான் அவருடைய ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கூடவே ஹீமோகுளோபின் எழுதிய தாளும் இருக்கிறது, கடைசியாக எழுதிய எண் 11.4.